நூல்நிலையக் கணினிக்கு விதி வகுப்போர்க்கு

நூல்நிலையம் ஒன்றிற் கணினியை வாங்கி வைத்தல் எளிது. அதனை யார், எப்பொழுது, எவ்வளவு நேரம், எதன்பொருட்டுப் பயன்படுத்தலாம் என விதி வகுத்தல் அரிது. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்கோ, அந்நூல்நிலையத்தின் படியேறி வருபவர் யாவர், அவர்தம் குறை யாது என்னும் அறிவு வேண்டும். அவ்வறிவின்றி எழுதப்பெறும் விதிகள் கணினியை நன்கு காக்கும். ஆனால் அக்கணினி எவர்க்காக வைக்கப்பெற்றதோ அவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். மலைநாட்டு நூல்நிலையங்களிலும் அறிவு நிலையங்களிலும் தொங்கும் விதிப் பலகைகள் சிலவற்றைப் படித்தபின் என் உள்ளத்தில் எழுந்த கவலை இதுவே. ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் நூல்நிலையப் பொறுப்பாளர்களும் இதனைச் சற்றே சிந்தித்தல் வேண்டுமென விண்ணப்பிக்கின்றேன்.

விதியே வேண்டா என்பது என் கருத்தன்று. பலர்க்கும் உரிய பொருளுக்கு விதி இன்றியமையாதது. நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் நூலின் மாண்பைக் கூறுமிடத்து, மரத்தின் கோணலை நீக்கத் தச்சன் இடும் நூற்கயிற்றை அதற்கு உவமையாக்கினார். பண்டித வகுப்பிற் பாடங்கேட்ட நாள்தொட்டு இவ்வுவமை என் நெஞ்சை விட்டு நீங்கியதில்லை. விதியும் அத்தகைய கயிறேயாம். கோணல் எங்குள்ளது என்று காணாது கயிற்றை இடுந் தச்சன் நல்ல மரத்தையும் வெட்டிவிடுவான்.

மேலைநாடுகளிலே நூல்கள் அரியனவாய் இருந்த காலத்து, அவற்றை இரும்புச் சங்கிலியாற் பலகையோடு பிணித்து வைக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூல்நிலையத்தை இன்றுங் காணலாம். ஒருவர் தூக்கிச் சென்றுவிடாது, வருவோர் பலரும் இருந்து படித்தற்கே அந்தச் சங்கிலி இடப்பெற்றது. விதி ஒன்றை எழுதுமுன், “இதனாற் பலர்க்குப் பயன் பெருகுமா?” என்று கேட்டுப் பார்த்தல் நலம்.

இனி, எங்கள் பக்கத்து நிலையைக் கூறுகின்றேன். டயகம, ஹோர்ட்டன் சமவெளியின் மேற்குப் புறத்தே அமைந்த தேயிலை நாடு. அக்கரபத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்குச் செல்லும் பேருந்தே எம்மவர் பலர்க்கும் வெளியுலகிற்கு வழி. விடியலிற் பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மலையிற் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை முடித்து லயத்துக்குத் திரும்பும் தாய்மாரின் பிள்ளைகளே எம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் குடும்பம் முழுவதும் ஒடுங்கி வாழும் நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. அவ்வறையிற் கணினி வைக்க இடமேது? கைபேசி ஒன்று இருக்கலாம். அதனைத் தந்தையும் தாயும் பிள்ளைகள் மூவரும் பங்கிட்டுக் கொள்ளவேண்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பெற்று, பாடம் இணையவழி சென்றபோது இக்குறை வெளிப்பட்டது. அலைவரிசை கிடைக்கும் மேடு தேடிப் பிள்ளைகள் புத்தகமும் கைபேசியுமாய் ஏறியதை நாடே கண்டது.

பாடசாலைகள் மீண்டுந் திறக்கப்பெற்றன. எனினும் இணையத்திற்குச் சென்ற அலுவல்கள் திரும்பி வரவில்லை. பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை இணையத்தில் வெளியிடுகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்குரிய விண்ணப்பத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இணையவழியே ஏற்கின்றது. தொழில் விளம்பரங்களும் விண்ணப்பப் படிவங்களும் அங்கேயே உள. சிறு கைபேசித் திரையில் நீண்ட படிவத்தை நிரப்புதலும், சான்றிதழ்களை ஏற்றுதலும், அச்சுப்படி எடுத்தலும் பெருந்துன்பம். பணமுள்ளோர்க்கு வீட்டிற் கணினி உண்டு. இல்லையேற் கடைத்தெருவிற் கட்டணஞ் செலுத்திக் காரியத்தை முடித்துக்கொள்வர். நூல்நிலையக் கணினியை நம்பி வருபவர் வேறு வழியில்லாதவர். ஆகவே விதிகள் அனைத்தும் அவரை நினைந்தே எழுதப்பெறல் வேண்டும் என்பதே இக்கட்டுரையாற் யான் வற்புறுத்த விழையும் ஒரு பொருள்.

நம் நாட்டிற் பொதுக் கணினி புதிய முயற்சியன்று. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் ‘நெனசல’ என்னும் பெயரில் அறிவு நிலையங்களை நாடெங்கும் அமைத்தது. கிராமங்களிலும் வழிபாட்டிடங்களிலும் நூல்நிலையங்களிலும் அவை தோன்றின. 2014 ஆம் ஆண்டில் இத்திட்டத்துக்குப் பில், மெலிண்டா கேற்ஸ் அறக்கட்டளை 10 இலட்சம் அமெரிக்க டொலர் பரிசளித்துப் பாராட்டியது. கணினியும் இணையமும் இல்லாதார்க்கு அவற்றை விலையின்றி வழங்கியமைக்காகவே அப்பரிசு கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

தோட்டப் புறத்துக்கோ வேறொரு வரலாறும் உண்டு. உள்ளூர் நூல்நிலையங்களை நடத்துவன பெரும்பாலும் பிரதேச சபைகள். அச்சபைகளை அமைத்த 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுதற்கு நெடுங்காலம் தடையாய் நின்றது. 2018 ஆம் ஆண்டிலேதான் அது திருத்தப்பட்டது. அக்கரபத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபை அமைந்ததும் அக்காலத்தை ஒட்டியே. சட்டத்தின் கதவு இவ்வளவு பிந்தித் திறந்த இடத்தில், விதிப் பலகை இன்னொரு கதவாய்க் குறுக்கே நிற்றல் முறையாகுமா?

பலகையிற் காணும் விதிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, யார் நுழையலாம் என்பது. “தேசிய அடையாள அட்டையும் வதிவிடச் சான்றும் காட்டுக” என்று எழுதுவது வழக்கம். 15 வயது நிரம்பாத மாணவனிடம் அடையாள அட்டை இராது. லயத்தில் வாழ்பவர் பலர்க்குத் தனி முகவரி இல்லை. கடிதமுந் தோட்டத்தின் பெயராலேயே வருகின்றது. மேலும், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பெற்று, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை பத்திரங் காட்டிக் காட்டியே அலைந்த சமூகம் இது. “பத்திரம் எங்கே?” என்ற கேள்வி எங்கள் முதியோர் காதில் விழும் விதம் வேறு. கணினி முன் இருப்போர் இன்னார் என அறிதல் நூலகர்க்குத் தேவையே. அதற்குப் பாடசாலை அதிபரின் கடிதமோ, கிராம அலுவலரின் சான்றோ, நூலகர் அறிந்த ஒருவரின் அறிமுகமோ போதுமென விதியில் எழுதலாம். கணினியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டு செல்லப்போவதில்லை; ஆதலின் நூல் இரவல் கொடுத்தற்குக் கேட்கும் பிணையை இதற்குங் கேட்டல் வேண்டா.

இரண்டாவது, கால அளவு. ஒருவர்க்கு அரைமணி, அல்லது ஒரு மணி என்பது பொது விதி. கணினி இரண்டும் காத்திருப்போர் பத்துமாயின், காலத்தைப் பங்கிடுதல் நியாயமே. ஆனாற் செய்தித்தாள் படித்தற்கும் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புதற்கும் ஒரே அளவு பொருந்துமா? எம் மாணவி ஒருத்தி நூல்நிலையம் ஒன்றில் விண்ணப்பத்தின் முக்காற்பகுதியை நிரப்பியிருந்த வேளையிற் காலம் முடிந்ததென எழுப்பப்பட்டாள். நிரப்பியது அழிந்தது. மறுமுறை செல்லப் பேருந்துக் கட்டணமும் தாயின் ஒருநாட் சம்பளமும் வேண்டியிருந்தன. அங்கிருந்த அலுவலர் தீயவரல்லர். பலகையில் இருந்தபடி நடந்தார். பலகையில் ஒரு வரி கூட இருந்திருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது. படிவம் நிரப்புவோர் முன்னரே சொல்லி நீண்ட நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்பதே அவ்வரி. மின்தடையால் இழந்த நேரத்தை மீளக் கொடுத்தலும் விதியாதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டுக் காலத்தை அறிந்தோர்க்கு இதன் தேவையை விளக்க வேண்டுவதில்லை.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது நூல்நிலையந் திறந்திருக்கும் நேரத்தையும் பேசல் வேண்டும். காலை முதல் மாலை வரை திறந்து, மலையிலிருந்து மக்கள் இறங்கும் நேரத்தில் மூடப்படும் நூல்நிலையம் தொழிலாளர்க்குப் பூட்டிய வீடே. சீர்காழியிற் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தையெனப் போற்றப்பெறும் சீ. இரா. அரங்கநாதன், 1931 ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவையெல்லாம் வாசகரை நடுவில் வைத்து எழுந்தவை. வாசகரது காலத்தை வீணாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில், அவர் ஊக்கத்தோடு, மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. வாசகர் வர இயலாவிடின் நூல் அவரிடஞ் செல்லவேண்டுமென அக்காலத்தோர் எண்ணினர். ஞாயிற்றுக்கிழமை அரைநாளேனும், வாரத்தில் ஒரு மாலையேனும் கணினி அறையைத் திறந்து வைத்தல் இதனினும் எளிய காரியமன்றோ?

மூன்றாவது, எதற்குப் பயன்படுத்தலாம் என்பது. “கல்வித் தேவைக்கு மாத்திரம்” என்று எழுதிவிடுதல் எளிது. கல்வி எது, அல்லாதது எது எனப் பிரிப்பவர் யார்? வேலை தேடுதல் கல்வியா? வெளிநாட்டில் உழைக்கும் தாயோடு பிள்ளை பேசுதல் கல்வியா? 2005 ஆம் ஆண்டிலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் சேமித்துவரும் ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையத்தில், மலையகத்து வெளியீடுகள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்ட நாட்டில், அத்தகைய சேமிப்பின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தன் பாட்டனார் காலத்துத் தொழிற்சங்க இதழை ஒரு பையன் அங்கே புரட்டுவானாயின், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று எழுப்பிவிடலாமா? தேவை பலவாதலின், இன்னவை கூடா என்று சிலவற்றை மாத்திரங் குறித்து, ஏனையவற்றை வாசகரிடம் விடுதலே தக்கது.

கூடாதவை உள என்பதில் ஐயமில்லை. ஆபாசக் காட்சிகள், பிறரை இழிவுபடுத்தும் எழுத்து, பணம் வைத்தாடும் சூது, பிறர் கணக்கினுள் நுழைதல் ஆகியவற்றை விலக்கவே வேண்டும். பிறர் கணினியிலோ கணக்கிலோ அனுமதியின்றி நுழைதல் 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமுமாம். சிறுவர் இருக்கும் இடத்தில் வடிகட்டி வைத்தலும் தகும். ஆயினும் வடிகட்டி மனிதரைப்போற் பகுத்தறியாது; மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் கட்டுரையையுஞ் சில வேளை தடுத்துவிடும். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம், அரசின் உதவிபெறும் நூல்நிலையங்களில் வடிகட்டியைக் கட்டாயமாக்கியது. வழக்கு உயர் நீதிமன்றஞ் சென்றது. 2003 ஆம் ஆண்டில் நீதிபதிகள் சட்டத்தை ஏற்றனர். வளர்ந்தவர் ஒருவர் கேட்பின் தடையை நீக்கலாம் என்பது அத்தீர்ப்புக்குத் துணையாய் நின்றது. எங்கள் பலகையிலும், “தடைப்பட்ட பக்கம் உங்களுக்குத் தேவையாயின் நூலகரிடங் கேளுங்கள்” என்று எழுதினால் இரு பக்கமும் காக்கப்படும்.

நான்காவது, பெரும்பாலான பலகைகளிற் காணப்படாத ஒன்று. வாசகரது மறைபொருளைக் காத்தல். பொதுக் கணினியில் ஒருவர் தம் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் கடவுச்சொல்லையும் பதிகின்றார். வெளியேறும் முறை அறியாது எழுந்து செல்கின்றார். அடுத்து அமர்பவர் நல்லவராயின் தப்பினார். அல்லராயின் மாதச் சம்பளம் மறைந்துவிடும். கைபேசிக்கு வந்த இலக்கத்தைப் பிறர்க்குச் சொல்லிப் பணமிழந்தோர் கதையை இப்பொழுது எந்தத் தோட்டத்திலுங் கேட்கலாம். ஆதலின் ஒவ்வொருவர் எழுந்தவுடனும் பதிவுகள் தாமே அழியும்படி கணினியை அமைத்தல் நூல்நிலையத்தின் கடமையென விதியிற் சேர்க்கப்பெறல் வேண்டும். வருகைப் பதிவேட்டிற் பெயரும் நேரமும் போதும். என்ன படித்தார் என்பதை எழுதுவித்தல் வேண்டா. தனியார் தரவுகளைக் காத்தற்கு 2022 ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றமுஞ் சட்டம் இயற்றியுள்ளது. அதன் கருத்தைச் சிற்றூர் நூல்நிலையமும் உணர்தல் நன்று.

ஐந்தாவது, மொழி. இது தமிழாசிரியனாகிய என் பக்கத்து வழக்கு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. பலகைகளில் தமிழ் இல்லையென்று சொல்ல மாட்டேன். இருக்குந் தமிழ் எத்தகையது என்பதே கேள்வி. “அங்கீகரிக்கப்படாத மென்பொருட்களின் நிறுவுகை கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டதாகும்” என்ற வரியை மாணவர்க்குக் காட்டிப் பொருள் கேட்டேன். இருவர் ஒருவாறு சொன்னார்கள், ஏனையோர் விழித்தார்கள். “இக்கணினியிற் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம், தேவையாயின் நூலகரைக் கேளுங்கள்” என்றெழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். கணினியும் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும். ரெங்கநாதன் விசைப்பலகையில் எழுதுபவரும் உளர். பாமினி பழகியவரும் உளர். ஒலிமுறையில் தட்டுபவரும் உளர். மூன்றையும் ஏற்றி வைத்து, ஒருங்குறியில் எழுதும் வழியை ஒரு தாளில் அச்சிட்டு அருகில் ஒட்டுதல் பெருஞ்செலவன்று.

ஆறாவது, கட்டணம். கணினி முன் இருத்தற்குக் கட்டணம் வேண்டா. அச்சுப்படிக்குத் தாளும் மையும் செலவாதலின் அடக்க விலையைப் பெறலாம். அவ்விலையைப் பலகையில் வெளிப்பட எழுதல் வேண்டும். விலை தெரியாமையாற் கேட்கவே கூசித் திரும்புவோர் உளர்.

இவ்வளவுங் கேட்ட நூலகர் ஒருவர், “ஐயா, நான் தனியொருத்தி. நூல் கொடுப்பேனா, பதிவேடு எழுதுவேனா, கணினிக்குக் காவலிருப்பேனா?” என்று வினவக்கூடும். நியாயமான வினா. பழுதுபட்ட கணினியைத் திருத்தப் பணம் வரும்வரை மாதக்கணக்கிற் காத்திருப்பவரும், விதி மீறியவனது ஏச்சைக் கேட்பவரும் அவரே. அவர்க்கு விதி ஒரு கேடயம். அக்கேடயத்தைப் பறித்தல் என் நோக்கமன்று. ஆனால், மற்றோர் ஊரிலிருந்து படியெடுத்த விதி அவர்க்கும் உதவாது. சபையார் திருத்தச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பாடசாலைகள் உயர்வகுப்பு மாணவர் இருவரை முறைவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பலாம். அம்மாணவர் படிவம் நிரப்பும் வழியைக் காட்டலாம். கடவுச்சொல்லைக் கேட்டலோ, தாமே பதிதலோ கூடாதென அவர்க்கு முன்னரே கற்பித்தல் ஆசிரியராகிய எம் பொறுப்பு. பெற்றோரின் படிவத்தைப் பிள்ளை நிரப்பப் பழகினால் அதுவும் ஒரு பாடமே.

பொழுதுபோக்கிலே காலங்கழிக்கும் இளைஞர்க்கு இடங்கொடுக்கலாமா என்று சிலர் கேட்பர். பிறர் காத்திராத வேளையில் ஒரு பையன் விளையாட்டுக் காணொளி பார்ப்பதாற் குடி முழுகிவிடாது. காத்திருப்போர் உளராயின் படிவத்துக்கும் பாடத்துக்கும் முதலிடம் என ஒரு விதி போதும். விளையாடவென்று வந்தவன் பின்னர் படிக்கத் தொடங்குதலை வாசிகசாலைகளில் நாம் கண்டதில்லையா? படம் பார்க்க இதழைப் புரட்டியவர்களே நாளடைவிற் கதை படித்தார்கள்.

யானே ஒரு பலகை எழுதுவதாயின் பின்வருமாறு எழுதுவேன். இக்கணினி உங்களுக்காக வைக்கப்பெற்றது, கட்டணம் இல்லை. உங்களை அறிந்த ஒருவரின் கடிதம் போதும். ஒருவர்க்கு ஒரு மணி. படிவம் நிரப்ப வந்தால் முன்னரே சொல்லுங்கள், மேலும் நேரந் தருவோம். மின் நின்றால் அந்த நேரம் உங்களுக்கு மீண்டும் உண்டு. ஆபாசமும் சூதும் பிறர்க்குத் தீங்கும் இங்கே கூடா. எழுமுன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வழி தெரியாவிடிற் கேளுங்கள். கடவுச்சொல்லை எமக்குஞ் சொல்ல வேண்டாம். இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதலாம்.

ஆசிரியர்களே, உங்கள் ஊர் நூல்நிலையத்துக்கு ஒருமுறை சென்று பலகையைப் படியுங்கள். உங்கள் வகுப்பில் மிக வறிய பிள்ளை எதுவோ, அப்பிள்ளை தனியே வந்து அப்பலகையைப் படித்தால் உள்ளே வருமா, திரும்பிச் செல்லுமா என்று எண்ணிப் பாருங்கள். திரும்பிச் செல்லுமெனத் தோன்றினால், நூலகரோடு அமர்ந்து பேசுங்கள். சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திருத்திய விதியை நீங்களே நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள். அடுத்த பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வருமுன் இது நிறைவேறுமாயின், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலரேனும் பாதியில் எழுப்பப்படாது படிவத்தை முடித்து வீடு திரும்புவர்.